கை சிவந்தால் வழக்கு முடிந்துவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பட்டா மாறுதலுக்கு லஞ்சம்: கிராம நிர்வாக அலுவலர் கையும் களவுமாகச் சிக்கினார்' என்ற மாதிரியான தலைப்பு மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. ரசாயனப் பொடி தடவிய நோட்டு, மறைந்திருந்த போலீசார், கைது, சிறை என்று நாலு வரியில் செய்தி முடிந்துவிடும். சில ஆண்டுகள் கழித்து அதே ஆள் விடுதலையானால், 'எங்கேயோ பணம் விளையாடியிருக்கிறது' என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். விளையாடியது பெரும்பாலும் பணம் இல்லை. கோப்பில் கிடந்த ஓட்டை. தப்பே செய்யாதவர் உள்ளே போவதற்கும் அநேகமாக இதேதான் காரணம்: பிடிபட்ட முதல் ஒரு மணி நேரத்திலும் முதல் 60 நாளிலும் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டிருப்பார். ஊழல் தடுப்பு வழக்கில் எதிர்வாதம் என்றால் என்ன, அது எங்கே நிற்கும், எங்கே உடையும் என்பது அரசு ஊழியர்களுக்கும் தெரியவில்லை, செய்தி படிப்பவர்களுக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

முதலில் அந்தப் பொடி. பினாப்தலீன் என்பது வெள்ளைத் தூள். நோட்டில் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரும் நிறமற்றதுதான். தூள் ஒட்டிய விரலை அந்தக் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும், ஏனென்றால் காரத்தில் பினாப்தலீன் நிறம் காட்டும். வலது கைக்கு ஒரு தம்ளர், இடது கைக்கு ஒரு தம்ளர், சட்டைப்பையின் உள்துணிக்கு இன்னொன்று என்று தனித்தனியே நனைத்து, தனித்தனிப் பாட்டிலில் ஊற்றி, சாட்சிகள் கையொப்பமிட்ட சீட்டு ஒட்டி, அரக்கு முத்திரை வைத்து நீதிமன்றம் வழியாகத் தடய அறிவியல் துறைக்கு அனுப்புவார்கள். இந்தத் தண்ணீர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தூள் அந்த விரலுக்கு வந்திருக்கிறது. எப்படி வந்தது, எதற்காக வந்தது என்று அது சொல்லாது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இங்கே பார்க்கவேண்டியது சில்லறை விஷயங்களைத்தான். நோட்டில் தூள் தடவியவர் யார்? அவரே பிறகு கரைசலைக் கலக்கினாரா? தூளைத் தொட்டவர் கரைசலையும் பாட்டிலையும் தொட்டால் சோதனையே கெட்டுப்போகும். அதனால்தான் முறையாக நடத்தும் அதிகாரிகள் தூள் தடவியவரைப் பொறி வைக்கும் இடத்துக்கே கூட்டிப்போக மாட்டார்கள். புகார்தாரர் பணம் கொடுப்பதற்கு முன் கைகுலுக்கினாரா? கைகுலுக்கினாலே தூள் இடம் மாறும். சட்டைப்பை சிவந்து இரண்டு கையும் சிவக்கவில்லை என்றால், 'பையில் திணித்தார்' என்ற வாதத்துக்கு உயிர் உண்டு. இரண்டு கையும் சிவந்திருந்தால் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்; அங்கே திணித்த கதையைச் சொன்னால் வழக்கு அன்றோடு போயிற்று. விசாரணையின்போது பாட்டிலில் நிறம் மங்கியிருப்பதைக் காட்டிச் சிலர் பெரிதாக வாதாடுவார்கள். நாள்பட்டால் நிறம் மங்குவது இயல்பு, ஆய்வகம் இரண்டு ரசாயனத்தையும் தனியே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். அதில் பலன் இல்லை.

சரி, பணம் கையில் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். வழக்கு முடிந்ததா? இல்லை. ஊழல் தடுப்புச் சட்டம் 7ஆவது பிரிவின் உயிர் 'கேட்டார்' என்பதில் இருக்கிறது. கேட்டதும் வாங்கியதும் இரண்டும் நிரூபணமாக வேண்டும். வெறுமனே பணத்தைக் கைப்பற்றியது போதாது என்று 2014இல் பி. ஜெயராஜ் வழக்கிலும் 2015இல் சத்யநாராயண மூர்த்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு 2022 டிசம்பர் 15 அன்று நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இன்னொன்றைச் சேர்த்தது: புகார்தாரர் இறந்துபோனாலும், முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆனாலும், மற்ற சாட்சிகளையும் சூழ்நிலைகளையும் கொண்டு 'கேட்டார்' என்பதை நிரூபிக்கலாம். இந்தத் தீர்ப்பு வந்ததும், இனி யாரும் தப்ப முடியாது என்று எழுதினார்கள். ஆனால் அதே வழக்கு இரண்டு நீதிபதிகள் அமர்வுக்குத் திரும்பி வந்தபோது, 2023 மார்ச்சில், கேட்டது நிரூபணமாகவில்லை என்று சம்பந்தப்பட்ட ஊழியர் விடுதலையானார். இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். புகார்தாரரைச் சரிக்கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவருக்கு முதல் தீர்ப்பு பதில். பணம் பிடிபட்டாலே போதும் என்று நினைக்கும் விசாரணை அதிகாரிக்கு இரண்டாவது பதில்.

இந்த 'கேட்டார்' இரண்டு இடத்தில் வரும். புகாரில் சொல்லப்படும் முதல் கேட்பு ஒன்று, பொறி வைத்த அன்று மறுபடி கேட்டது இன்னொன்று. தமிழ்நாட்டில் பொறி வழக்குகளின் சாட்சி வரிசை ஏறத்தாழ மாறாது: அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) வழக்குத் தொடர இசைவாணை தந்த அதிகாரி, அ.சா.2 புகார்தாரர், அ.சா.3 புகார்தாரருடன் போன வேறு துறை அரசு ஊழியர். மூன்றாவது சாட்சியின் வாய்தான் தராசு முள். அவர் எங்கே நின்றார், எத்தனை அடி தூரம், நடுவில் கதவோ பீரோவோ இருந்ததா, 'கொண்டுவந்தாயா' என்று கேட்டதைக் காதால் கேட்டாரா அல்லது புகார்தாரர் வெளியே வந்து சொன்னதைக் கேட்டாரா? 'கொண்டுவந்தாயா' என்ற சொல் மட்டும் போதுமா? மனுவுக்கு வேண்டிய வாரிசுச் சான்றிதழைக்கூட அப்படித்தானே கேட்பார்கள். திண்டுக்கல் ஊழல் தடுப்புப் பிரிவு தொடர்ந்த ஒரு வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தக் குறைக்காகவே தண்டனையை ரத்து செய்தது. குற்றச்சாட்டு வனைவதில் இருந்த கோளாறையும் சுட்டிக்காட்டியது.

முதல் கேட்பு நடந்ததாகப் புகாரில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியை விடாதீர்கள். அன்று குற்றம் சாட்டப்பட்டவர் ஜமாபந்தியில் இருந்தாரா, தேர்தல் பயிற்சியில் இருந்தாரா, விடுப்பா? வருகைப் பதிவேடு மட்டும் போதாது, காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று அரசுத் தரப்பு சொல்லும். பயணப்படிப் பட்டியல், நாட்குறிப்பு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு என்று இரண்டு மூன்று தாள் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டும்.

அடுத்தது, பிடிபட்ட முதல் மணி நேரம். கை நனைத்து முடிந்ததும் அதிகாரி 'என்ன சொல்கிறீர்கள்' என்று கேட்பார். பதற்றத்தில் 'சார், மன்னிச்சுடுங்க' என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. காவல்துறையிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியம் ஆகாதுதான். ஆனால் மகஜரில், அதாவது சாட்சிகள் முன்னிலையில் அங்கேயே எழுதும் பதிவில், அன்று என்ன விளக்கம் பதிவானது, பிறகு நீதிமன்றத்தில் என்ன சொன்னார் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உண்மையான விளக்கம் இருந்தால் அதை ஒரே வாக்கியத்தில் அப்போதே சொல்லி, மகஜரில் எழுதச் சொல்வது நல்லது: 'இது நிலவரி பாக்கி என்று கொடுத்தார்', 'போன மாதம் வாங்கிய கடனைத் திருப்பித் தந்தார்'. எழுத மறுத்தால், மறுநாள் நீதிபதி முன் நிறுத்தும்போது வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கொடுத்துவிடவேண்டும். விளக்கம் தாமதமாக வந்தது என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் முதல் நாள் விளக்கத்துக்கு இருக்கும் எடை மூன்றாண்டு கழித்து வரும் விளக்கத்துக்குக் கிடைக்காது. உண்மையான விளக்கம் இல்லையென்றால் பேசாமல் இருப்பதே மேல். அன்று 'திணித்தார்', குறுக்கு விசாரணையில் 'கடன்', கடைசியில் 'வரி' என்று மூன்று விளக்கம் சொன்னவரை எந்த நீதிபதியும் நம்ப மாட்டார்.

வரி பாக்கி என்று சொன்னால் அதற்கும் கணக்கு இடிக்கக்கூடாது. புகார்தாரர் செலுத்தவேண்டிய வரி 4,860 ரூபாய், பிடிபட்டது 5,000 என்றால், மீதிச் சில்லறை எங்கே, ரசீதுப் புத்தகம் மேசையில் இருந்ததா, அவர் பெயரில் ரசீது எழுதத் தொடங்கியிருந்தாரா என்று கேள்வி வரும். ரசீதுப் புத்தகத்தை விசாரணை அதிகாரி கைப்பற்றவில்லை என்றால் அதையே கேள்வியாக்கலாம். பல அலுவலகங்களில் வேலைக்கு வந்ததும் கையில் உள்ள சொந்தப் பணத்தைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் தினமும் ஒரே தொகையாக எழுதி வைப்பார்கள். இந்தச் சோம்பேறித்தனம் திடீர்ச் சோதனை நடக்கும் அன்று கழுத்தைப் பிடிக்கும்.

சம்பவம் நடந்த வாரத்திலேயே தேடவேண்டிய காகிதங்கள் உண்டு. மனு எந்தத் தேதியில் வந்தது, தன்பதிவேட்டில் (எழுத்தர் தன்னிடம் வரும் தபால்களைக் குறிக்கும் பதிவேடு) என்ன எண்ணில் ஏறியது, யாரிடம் எப்போது போனது, இணையவழி மனுவென்றால் எந்த மணியில் யாருடைய உள்நுழைவிலிருந்து நகர்ந்தது? புகார் கொடுப்பதற்கு முன்பே கோப்பு மேலதிகாரிக்குப் போய்விட்டது என்றால் அது நல்ல ஆதாரம். ஆனால் அதையே துருப்புச்சீட்டாக நினைக்கக்கூடாது. வேலை முடிந்தபின் வாங்கும் சன்மானமும் 7ஆவது பிரிவில் குற்றம்தான். கண்காணிப்புக் கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், தொலைபேசி அழைப்பு விவரமும் காலவரம்புக்குப் பிறகு கிடைக்காது. இவற்றைப் பாதுகாத்து வைக்க உத்தரவிடக் கோரி உடனே சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடவேண்டும். குற்றப்பத்திரிகை வரட்டும் என்று காத்திருப்பவருக்குக் கிடைப்பது வெறும் மன்னிப்புக் கடிதம்தான்.

அரசுத் தரப்பு தாக்கல் செய்யும் உரையாடல் பதிவையும் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கட்டாயம். இப்போதைய சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவில் அந்தச் சான்றிதழ் இரண்டு பாகமாக இருக்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் கணினிக் குறியீட்டையும், குறிப்பிடவேண்டும். பதிவு செய்த கருவி எங்கே, அதிலிருந்து வட்டுக்கு மாற்றியது யார், குரல் மாதிரி ஒப்பீடு நடந்ததா என்று கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. மகஜரில் 'சாட்சிகள் முன்னிலையில்' என்று இருக்கும். காணொளியில் அந்தச் சாட்சிகள் அறைக்கு வெளியே நிற்பார்கள்.

முதல் தகவல் அறிக்கையில் நேரத்தைப் பாருங்கள். பொறி வழக்கில் அது பொறிக்கு முன்பே பதிவாகவேண்டும். காவல் நிலையத்தில் காலை 9 மணி என்று எழுதியிருக்கும், நீதிமன்றம் பெற்றுக்கொண்ட நேரம் மாலையாக இருக்கும். இடைவெளிக்கு விளக்கம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கேட்டால்தான் தெரியும்.

கைதாகி உள்ளே இருப்பவருக்கு ஒரு கணக்கு: பொறி வழக்கில் உச்ச தண்டனை 7 ஆண்டு. ஆகவே முதலில் காவலுக்கு அனுப்பிய நாளிலிருந்து 60 நாளில் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் மனு போட்டுவிடவேண்டும். ஒரு நாள் தவறினால் உரிமை போய்விடும்.

ஆவண நகல்கள் கைக்கு வந்ததும் இன்னொரு 60 நாள் ஓடத் தொடங்குகிறது. புதிய நடைமுறைச் சட்டம் 262ஆவது பிரிவின்படி, விசாரணை தொடங்கும் முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனுவை அதற்குள் போடவேண்டும். அதற்கு முன்னால், அரசுத் தரப்பு நம்பாமல் ஒதுக்கி வைத்த வாக்குமூலங்கள், ஆவணங்களின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிமுறைகளில் இது இருக்கிறது. ஒதுக்கிய காகிதக் கட்டுக்குள்தான் பல சமயம் 'எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை' என்று சொன்ன மற்ற மனுதாரர்களின் வாக்குமூலம் கிடக்கும்.

இசைவாணைக்கு வருவோம். ஊழியரைப் பணியிலிருந்து நீக்க அதிகாரம் உள்ளவர்தான் 19ஆவது பிரிவில் இசைவு தரமுடியும். வட்டாட்சியர் நியமித்தாரா, கோட்டாட்சியரா, மாவட்ட ஆட்சியரா என்பதைப் பணிப்பதிவேட்டில் பார்க்கவேண்டும், ஊகிக்கக்கூடாது. பல ஆணைகளில் லஞ்ச ஒழிப்புத் துறை அனுப்பிய வரைவு வரிக்கு வரி, எழுத்துப் பிழையோடு சேர்த்து, அப்படியே இருக்கும். அ.சா.1 கூண்டில் ஏறும்போது கேட்கவேண்டியவை: எந்தெந்த ஆவணம் உங்களுக்கு வந்தது? ரசாயன ஆய்வறிக்கை ஆணையின் தேதிக்கு முன் வந்ததா, பின் வந்ததா? எத்தனை நாள் படித்தீர்கள்? வரைவு வந்ததா? தகுதியில்லாத அதிகாரி தந்த இசைவில் நடந்த விசாரணையே செல்லாது என்று 2015இல் நஞ்சப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதோடு தப்பித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம், முறையான இசைவு பெற்று மறுபடி வழக்கு நடத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆணையில் சிறு பிழை மட்டும் இருந்தால், அதனால் நீதி தவறியது என்று காட்டினால்தான் பலன் உண்டு. அந்த ஆட்சேபத்தை முதலிலேயே எழுப்பினீர்களா என்றும் கேட்பார்கள். இசைவாணையில் குடிகொண்டு வழக்கை நடத்துவது மணலில் வீடு கட்டுவது மாதிரி என்பது என் கருத்து. 2018 ஜூலை 26 முதல் ஓய்வுபெற்றவர்களுக்கும் இசைவு தேவை என்று சட்டம் மாறியிருக்கிறது; இது இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

அதே திருத்தத்தில் வந்த 17ஏ பிரிவைப் பொறி வழக்கில் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது கோப்பில் எடுத்த முடிவு, செய்த பரிந்துரை தொடர்பான விசாரணைக்கு முன்அனுமதி கேட்கும் பிரிவு. டெண்டர், நில ஒதுக்கீடு மாதிரி வழக்குகளுக்குப் பொருந்தும். பணம் வாங்கும்போது அங்கேயே கைது செய்வதற்கு அது தடையில்லை. 'வெறும் 500 ரூபாய்தானே' என்ற வாதத்துக்கும் இப்போது இடமில்லை. சொற்பத் தொகை என்றால், வாங்கியது லஞ்சம்தான் என்று கொள்ளும் அனுமானத்தைத் தவிர்க்கலாம் என்று முன்பு 20ஆவது பிரிவில் இருந்த விதிவிலக்கை 2018இல் எடுத்துவிட்டார்கள். குறைந்தபட்ச தண்டனை 3 ஆண்டு. அதற்குக் கீழே இறங்க நீதிபதிக்கே அதிகாரமில்லை. 2014 ஜனவரிக்கு முந்தைய சம்பவம் என்றால் குறைந்தபட்சம் 6 மாதம். ஆகவே சம்பவத் தேதியைப் பார்க்காமல் எந்தச் சட்டப் பிரிவையும் பேசக்கூடாது.

கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாகிவிட்டால், அது லஞ்சம் இல்லை என்று காட்டும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் மீது விழும். அந்தப் பாரம் அரசுத் தரப்பின் பாரம் மாதிரி 'ஐயத்துக்கு இடமின்றி' இல்லை. இப்படியும் நடந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்று காட்டினால் போதும். அதைப் புகார்தாரரின் குறுக்கு விசாரணையிலேயே காட்டலாம், எதிர்த்தரப்பு சாட்சி வைத்தும் காட்டலாம், 21ஆவது பிரிவின்படி குற்றம் சாட்டப்பட்டவரே கூண்டில் ஏறிச் சத்தியப் பிரமாணத்தோடு சொல்லலாம். கடைசி வழி கத்தி மாதிரி. ஏறிவிட்டால் அரசு வழக்கறிஞர் கேட்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாகவேண்டும்.

சொத்துக் குவிப்பு வழக்கு வேறு விதம். அங்கே தண்ணீரும் இல்லை, சாட்சியின் காதும் இல்லை. முழுக்க முழுக்கக் கணக்கு. தமிழ்நாட்டில் ஏழு பட்டியல் போடுவார்கள். முதல் பட்டியல், கணக்கில் எடுத்த காலத்தின் தொடக்கத்தில் இருந்த சொத்து. இரண்டாவது, முடிவில் இருந்த சொத்து. மூன்றாவது வருமானம், நான்காவது செலவு. இரண்டிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஐந்து, அதாவது சேர்த்த சொத்து. மூன்றிலிருந்து நான்கைக் கழித்தால் ஆறு, அதாவது சேமித்திருக்க முடிந்த தொகை. ஐந்திலிருந்து ஆறைக் கழித்தால் ஏழு, மிகைச் சொத்து.

ஒரு கற்பனைக் கணக்கு. தொடக்கச் சொத்து 12 லட்சம், முடிவில் 85 லட்சம், வருமானம் 60 லட்சம், செலவு 25 லட்சம். சேர்த்தது 73, சேமிக்க முடிந்தது 35, மிகை 38 லட்சம், அதாவது வருமானத்தில் 63 சதவீதம். இப்போது உள்ளே போய்ப் பாருங்கள். மனைவியின் தையல் கடை வருமானம் 9 லட்சம் விட்டுப்போயிருக்கிறது. சேர்த்தால் வருமானம் 69, மிகை 29. வீட்டைப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் அட்டவணை விலையில் 40 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார். செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலிக்கு வைத்திருக்கும் கணக்கு 31 லட்சம்தான். மிகை 20. மாமியார் கொடுத்த 40 பவுன் நகை, சோதனையில் எடுத்ததால் இரண்டாவது பட்டியலில் ஏறியிருக்கிறது. கல்யாணத்திலிருந்தே இருந்தது என்பதால் முதல் பட்டியலிலும் ஏறவேண்டும், அங்கே இல்லை. இரண்டு பட்டியலிலும் ஒரே மதிப்பில் ஏறினால் அது தானாகக் கழிந்துவிடும். இப்படி ஒவ்வொரு வரியாக உரித்துக்கொண்டே போகவேண்டும். வருமானத்தில் ஒரு ரூபாய் சேர்ந்தால் மிகை ஒரு ரூபாய் குறையும், கூடவே சதவீதத்தின் அடித்தளமும் பெரிதாகும். அதனால் முதலில் மூன்றாவது பட்டியலைத்தான் உடைக்கவேண்டும்.

இந்த வேலைக்குச் சரியான நேரம் நீதிமன்றம் இல்லை. குற்றப்பத்திரிகைக்கு முன் லஞ்ச ஒழிப்புத் துறை தரும் இறுதி வாய்ப்பு அறிவிப்புதான் நேரம். பாதிப்பேர் அதற்கு 'எல்லாம் சட்டப்படி சம்பாதித்தது' என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறார்கள். பட்டியல் எண், வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆவண நகல் இணைத்துப் பதில் போனால், பின்னால் விசாரணை அதிகாரியைக் கூண்டில் நிறுத்தி 'இந்த ரசீதை ஏன் சரிபார்க்கவில்லை' என்று கேட்கமுடியும்.

என்ன ஆவணம் நிற்கும்? விவசாய வருமானத்துக்கு அடங்கல், சிட்டா நிலத்தைக் காட்டும், பணத்தைக் காட்டாது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துச் சீட்டு, சர்க்கரை ஆலைப் பட்டுவாடா, கூட்டுறவு வங்கிக் கணக்கு வேண்டும். மொய்ப்பணத்தை வருமானமாகக் காட்டுபவர்கள் மொய் நோட்டைக் கொண்டுவரவேண்டும். விசேஷத்தன்று எழுதிய, மை மாறி மாறி, கையெழுத்து மாறி மாறி இருக்கும் அசல் நோட்டு. ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதிய நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மொய் திருப்பிச் செய்யவேண்டிய கடன் என்பதையும் மறக்கக்கூடாது. எதிர்மொய் செய்தது நான்காவது பட்டியலில் வந்து உட்காரும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததாலேயே அது நேர்மையான வருமானம் ஆகிவிடாது என்று ஜெயலலிதா வழக்கில் 2017 பிப்ரவரி 14 தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கின் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் கடன் தொகைகளைக் கூட்டியதில் சுமார் 13.5 கோடி ரூபாய் தவறு நேர்ந்தது ஊரறிந்தது. கூட்டல் கழித்தலைக் கால்குலேட்டரில் மூன்று முறை போட்டுப் பார்ப்பதும் வழக்கறிஞர் வேலைதான்.

10 சதவீதம் வரை மிகையிருந்தால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 1977ஆம் ஆண்டு கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கிலிருந்து வந்தது அது. எல்லா வழக்குக்கும் தரும் சலுகைச் சீட்டு இல்லை. மணமான பெண்களுக்கு 500 கிராம் நகை வரை கேள்வியில்லை என்பதும் அப்படித்தான். அது வருமான வரிச் சோதனையில் நகையைப் பறிமுதல் செய்வது பற்றி 1994இல் வந்த அறிவுறுத்தல்; லஞ்ச ஒழிப்பு வழக்கைக் கட்டுப்படுத்தாது.

செய்யவே கூடாத ஒன்று: சோதனை முடிந்தபிறகு பழைய தேதியில் கடன் பத்திரம் தயாரிப்பது. முத்திரைத்தாள் எண்ணை வைத்து எந்தத் தேதியில் யாருக்கு விற்றது என்று விற்பனையாளர் பதிவேட்டிலிருந்து அரை நாளில் எடுத்துவிடுவார்கள். அதுவரை வெறும் கணக்கு வழக்காக இருந்தது, அன்றிலிருந்து போலி ஆவண வழக்கும் சேர்ந்துகொள்ளும். கையெழுத்துப் போட்ட மைத்துனரும் உள்ளே வருவார். மனைவியும் உறவினரும் உடந்தைக் குற்றத்தில் வழக்கைச் சந்திக்கலாம் என்பது 1999 நல்லம்மாள் வழக்கிலேயே முடிவானது. அதே நேரம், வேறொருவர் பெயரில் உள்ள சொத்து உண்மையில் ஊழியருடையது என்று காட்டும் பொறுப்பு அரசுத் தரப்புக்குத்தான். பினாமி என்ற சொல்லைக் குற்றப்பத்திரிகையில் எழுதுவது எளிது, பணம் யாரிடமிருந்து போனது என்று காட்டுவது கடினம்.

புகார்தாரரிடம் ஆள் விடுவதும் அதே ரகம். சமரசம் செய்து முடிக்கக்கூடிய குற்றம் இல்லை இது. ஜாமீன் ரத்தாகும், சாட்சியை மிரட்டியதாகத் தனி வழக்கு வரும், 'குற்றமில்லாதவன் ஏன் போனான்' என்ற கேள்வி தீர்ப்பு வரை துரத்தும்.

துறை நடவடிக்கை தனியாக ஓடும். நீதிமன்றத்தில் விடுதலையானாலும் 17(பி) குறிப்பாணையில், அதாவது பணி விதிகளின்படி துறை தரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையில், வேலை போகலாம், ஏனென்றால் அங்கே நிரூபண அளவுகோல் தாழ்ந்தது. அங்கே எழுதித் தரும் பதில் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக வரும் என்பதால் இரண்டையும் ஒரே வழக்கறிஞர் பார்ப்பது நல்லது. தண்டனை வந்துவிட்டால், மேல்முறையீட்டில் சிறைத் தண்டனையை நிறுத்தி வைப்பார்கள்; குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்தி வைப்பது அரசு ஊழியருக்கு மிக அரிது. 2001ஆம் ஆண்டு கே.சி. சரீன் வழக்கு முதல் அதுதான் நிலை. அமைச்சராக இருந்த பொன்முடிக்கு 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அப்படி நிறுத்தி வைத்ததைக் காட்டி, தங்களுக்கும் கிடைக்கும் என்று ஊழியர்கள் நம்புகிறார்கள். பதவி பறிபோகும் மக்கள் பிரதிநிதிக்குச் சொல்லும் காரணம் எழுத்தருக்குப் பொருந்தாது.

லஞ்சம் கொடுக்கும்படி வற்புறுத்தப்பட்டவர்களுக்கும் ஒரு வரி. 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலில் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்யவேண்டும். முன்கூட்டியே துறையிடம் சொல்லிப் பொறிக்காகக் கொடுப்பவருக்கு அந்தக் குற்றம் பொருந்தாது.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். 'சிக்கினார்' செய்தி போடும்போது குற்ற எண்ணையும், வழக்கு எந்தச் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். வழக்கு முடியும் அன்று உங்கள் நிருபர் அந்த எண்ணை வைத்து நீதிமன்ற இணையதளத்தில் தேடினால் தீர்ப்பு கிடைக்கும். கைதான அன்று போட்ட அதே பக்கத்தில், அதே அளவில், தண்டனையோ விடுதலையோ எதுவானாலும், 'கேட்டார்' என்பது எப்படி நிரூபணமானது அல்லது ஏன் ஆகவில்லை என்று இரண்டு பத்தியில் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை.